வில்லுடையான்பட்டு: பெயர் காத்த பெருமான்

ஜப்பானின் ஈசே நகரத்து ஷிண்டோ ஆலயத்தை 20 ஆண்டுக்கு ஒருமுறை அடுத்த மனையில் புதிதாக எழுப்புவர். அண்மையில் 2013இல் அவ்வாறு எழுப்பினர். அங்கே ஆலயம் இடம் மாறும், ஊர் மாறாது. நெய்வேலியிலோ ஊர்கள் இடம் பெயர்ந்தன, தெய்வம் நின்றது.

1935இல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் நீருக்காகத் துளையிட்டபோது கரிய துகள்கள் வெளிப்பட்டன. 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் பதிவு பெற்றது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961இல் கரி முகங்காட்டிற்று. நாட்டுக்கு ஒளி பிறந்தது. அதற்காகச் சிற்றூர்கள் பல தம் வயலையும் மனையையும் ஈந்து அகன்றன.

புதிய நகரியத்தின் வட்டங்களுக்கு எண்களே பெயராயின. அவற்றினிடையே வில்லுடையான்பட்டு என்னும் பழம்பெயர் முருகன் கோயிலால் இன்றும் வாழ்கிறது. வேலுக்குரிய பெருமான் இங்கே வில்லேந்தி நிற்கின்றான். மரநிழல் சூழ்ந்த நகரியச் சாலைகள் வழியே இன்று அங்குச் செல்வோர், பங்குனி உத்திரத்தன்று காவடி வெள்ளத்தையே காண்பர். பிழைப்புக்கு வந்தோரும் முன்பே வாழ்ந்தோரும் ஒரே சன்னதியில் கைகூப்புகின்றனர்.

நிலத்துக்கு விலை குறிக்கலாம். ஊர்ப்பெயருக்கு விலை ஏது? ஒரு பெயரைக் கோயில் காத்தது. எஞ்சிய பெயர்களைக் காத்தல் கவிஞர் கடன்.