முன்னே வரும் பணம், பின்னே வரும் பணம்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். வலை சரிபார்ப்பு, எஞ்சின் வேலை, பெயிண்ட் என்று செலவு மட்டும் நிற்காமல் ஓடும். அரசின் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய். கல்லூரிச் சேர்க்கை, முதல் தவணைக் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் ஏறக்குறைய இந்த நாட்களில்தான் வந்து விழும். மீனவர் வீட்டுப் பிள்ளை ஒன்று டி.வி. செய்தியாளராகப் படிக்க ஆசைப்பட்டால், எந்த உதவித்தொகை பெரியது என்று கேட்பதற்கு முன்னால், எது எந்த மாதம் கைக்கு வரும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இதழியல் படிப்புக்குத் தமிழ்நாட்டில் கிடைக்கும் ஆதரவில் இரண்டு வகையைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, சென்னை தரமணியில் இருக்கும் ஏசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம் (ஏ.சி.ஜே.) தரும் கல்வி உதவி. மற்றொன்று, ஆனந்த விகடன் குழுமத்தின் மாணவப் பத்திரிகையாளர் பயிற்சித் திட்டம். இரண்டாவது பத்திரிகைக்காகப் பிறந்தது. ஒளிபரப்புக்கு அதை ஏன் இழுக்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

ஏ.சி.ஜே. 1994இல் பெங்களூரில் தொடங்கியது. 2000இல் சென்னைக்கு வந்தது, மீடியா டெவலப்மென்ட் ஃபவுண்டேஷன் என்ற அறக்கட்டளையின் கீழ். பட்டம் முடித்தவர்களுக்கான ஓராண்டு டிப்ளமா. தொலைக்காட்சிக்குத் தனிப் பிரிவு உண்டு. ஸ்டுடியோ, எடிட்டிங் மேசை, கேமரா, நாள் முழுக்க வேலை வாங்கும் ஆசிரியர்கள். கட்டணம் லட்சக் கணக்கில். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு அக்கல்லூரி கல்வி உதவி தருகிறது. மற்றவர்களில் வசதி குறைந்து தகுதி நிறைந்தவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பணம் கல்லூரிக்குள்ளேயே கைமாறிவிடும். மாணவர் கண்ணில் படுவது குறைந்துபோன ரசீதுதான். இதை முன்னே வரும் பணம் என்று வைத்துக்கொள்வோம்.

விகடன் திட்டம் 1980களில், எஸ்.பாலசுப்ரமணியன் ஆசிரியராக இருந்த காலத்தில், ஜூனியர் விகடன் பிறந்ததை ஒட்டி வேர் பிடித்தது. கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள், எந்தப் பாடமாக இருந்தாலும், விண்ணப்பிக்கலாம். எழுத்துத் தேர்வு, நேர்காணல் தாண்டினால் ஓராண்டுக்கு நிருபர். கல்லூரியை விட வேண்டாம், ஊரை விட வேண்டாம். சொந்த மாவட்டத்தில் சுற்றிச் செய்தி எழுதி அனுப்பினால் சன்மானம். கடைசியில் சான்றிதழ். நன்றாக எழுதியவர்களுக்குக் குழுமத்திலேயே வேலை வாய்ப்பு. இது பின்னே வரும் பணம்: முதலில் உழைப்பு, பிறகு காசு.

கொடுக்கும் தொகையை மட்டும் நிறுத்துப் பார்த்தால் ஏ.சி.ஜே. பக்கம் தராசு தாழ்ந்துவிடும். லட்ச ரூபாய்க் கட்டணத்துக்கும் கட்டுரைக்கு ஒரு சன்மானத்துக்கும் ஒப்பீடே கிடையாது. ஆனால் இந்தக் கரையில் ஒரு வீட்டின் கணக்கு அப்படிப் போவதில்லை. தூத்துக்குடி திரேஸ்புரத்தில் நாட்டுப்படகில் போகிறவருக்கோ சங்கு குளிப்பவருக்கோ மாதச் சம்பளம் கிடையாது, பங்குதான். இருபத்தொரு வயதுப் பிள்ளை பட்டம் முடித்ததும் வீடு எதிர்பார்ப்பது அவன் கொண்டுவரப்போகும் வருமானத்தை. கட்டணம் முழுவதையும் தள்ளுபடி செய்தாலும், முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போகிறவன் ஓராண்டு சம்பாதிக்கப் போவதில்லை என்பது அப்படியே நிற்கிறது. அதோடு தரமணியில் அறை வாடகை, சாப்பாடு, பஸ், நல்ல போன், லேப்டாப். கட்டண ரசீதில் வராத இந்தப் பட்டியலைத்தான் வீட்டில் அம்மா விரல் விட்டு எண்ணுவாள்.

பெண் பிள்ளைகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் வரும் ஒரு வழியும் உண்டு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழி படித்தவர்களுக்கும் அதை விரிவாக்கியது 2024 டிசம்பர் 30 அன்று, இதே தூத்துக்குடியில் நடந்த விழாவில். திருச்சபைப் பள்ளிகள் நிறைந்த கடற்கரையில் இதன் பலன் சிறியது அல்ல. விஷுவல் கம்யூனிகேஷன் (விஸ்காம்) படிக்கும் பெண்ணுக்கு அது பஸ் பாஸும் டேட்டா ரீசார்ஜும். ஆனால் இளநிலைப் பட்டத்தோடு அது முடிந்துவிடும். ஏ.சி.ஜே. தொடங்குவதே அதற்குப் பிறகுதான். ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று கை நீட்டவில்லை.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது, பேச யாரும் அவ்வளவாக விரும்பாதது. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான உதவி மிக நியாயமானது. தமிழ்நாட்டுச் செய்தி அறைகளில் தலித் முகங்கள் எத்தனை என்று பார்த்தவர்கள் அதில் கேள்வி எழுப்ப மாட்டார்கள். ஆனால் தூத்துக்குடிப் பரதவர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே மீனவர் வீட்டுப் பிள்ளை 'வசதி குறைந்த, தகுதி நிறைந்த' என்ற பொது வரிசையில்தான் நிற்க வேண்டும். அங்கே பக்கத்தில் நிற்பவர் பெருநகர ஆங்கிலப் பள்ளியில் படித்தவராக இருக்கலாம். நுழைவுத் தேர்வும் பாடமும் ஆங்கிலத்தில். வாடையும் கொண்டலும் சோழகமும் கச்சானும் எந்தப் பக்கம் இருந்து வீசும், எதில் வலை விரிக்கலாம் என்று தூக்கத்தில் சொல்லக்கூடிய பிள்ளைக்கு அந்த அறிவுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. விகடன் வாசலில் அந்த அறிவே மூலதனம். மாவட்டம் தெரிந்தவன், தமிழில் எழுதத் தெரிந்தவன், ஆள் பழக்கம் உள்ளவன் என்பதுதான் தகுதி.

என்னைக் கேட்டால், தமிழ்ச் செய்தித் துறைக்கு ஆள் சேர்த்ததில் இரண்டாவது வகைக்கே பங்கு அதிகம். சன் டி.வி. 1993 ஏப்ரல் 14 அன்று வந்தது. புதிய தலைமுறை 2011 ஆகஸ்டில் வந்தது. அடுத்தடுத்து தந்தி, நியூஸ் 7, நியூஸ் 18. ஒவ்வொன்றும் வந்தபோது ஆள் தேடிய இடங்களில் முதன்மையானவை பத்திரிகை அலுவலகங்கள். வார இதழில் அடிபட்டுத் தேறியவர்கள் கேமராவுக்கு முன்னும் பின்னும் போய் உட்கார்ந்தார்கள். பத்திரிகை போட்ட விதையைத் தொலைக்காட்சி அறுவடை செய்தது. தொலைக்காட்சி தன் பங்குக்கு, கல்லூரிப் பிள்ளைகளை மாவட்டத்திலேயே வைத்துச் சம்பளமும் கொடுத்துப் பழக்கும் திட்டம் ஒன்றை அந்த அளவுக்கு வேரூன்ற வைக்கவில்லை.

வானொலிப் பக்கம் போனால் கதை வேறு. தூத்துக்குடிக் கரைக்கு வானொலி அந்நியம் அல்ல. ஒரு தலைமுறை இலங்கை வானொலியைக் கேட்டே வளர்ந்தது. இங்கிருந்தே 1053 கிலோஹெர்ட்ஸில் 200 கிலோவாட் சக்தியோடு ஆகாசவாணி இலங்கையை நோக்கி ஒலித்தது. இன்று ஊரில் தனியார் எஃப்.எம். உண்டு. ஆனால் இந்தியாவில் தனியார் எஃப்.எம். சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி கிடையாது. ஆகாசவாணிச் செய்தியை எடுத்து மாற்றாமல் ஒலிபரப்பலாம், போக்குவரத்து, வானிலை, தேர்வு, பேரிடர் அறிவிப்பு போடலாம், அவ்வளவுதான். சமுதாய வானொலிக்கும் இதே கட்டு. பாம்பனில் 2016 ஆகஸ்ட் 15 முதல் ஒலிக்கும் கடல் ஓசை 90.4, மீனவர்களுக்கென்றே நடக்கும் நிலையம். காற்றின் போக்கு, கடல் நிலை, அரசுத் திட்டம், பழைய பாட்டு என்று மீனவர் பேச்சிலேயே சொல்லும். அங்கே மைக் பிடிக்கும் உள்ளூர் இளைஞர்களுக்குக் கிடைப்பது நல்ல பயிற்சி. ஆனால் அதைச் 'செய்தி' என்று அழைக்கச் சட்டம் விடாது. வானொலிச் செய்தி என்று படித்து வருகிறவருக்கு நாடு முழுக்க உள்ள ஒரே முதலாளி ஆகாசவாணி. அங்கும் புதியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது குரல் தேர்வு முடித்த கேஷுவல் இடம், மாதத்துக்கு ஆறு பணிநாள் என்ற வரம்போடு. எத்தனை பெரிய உதவித்தொகை கொடுத்தாலும், முடிவில் போய் நிற்க ஒரு வாசல்தான் இருக்கிறது என்றால் அந்தப் பணம் யாருக்கு உதவி?

ஆகவே பேச்சு திரும்பத் தொலைக்காட்சிக்கே வருகிறது. அங்கே மாவட்டத்தில் வேலை எப்படி நடக்கிறது? ஒருவரே நிருபர், அவரே கேமரா. ஒரு கையில் லோகோ மாட்டிய மைக், மறு கையில் போன். கலெக்டர் ஆபீஸ் வாசலில் பைட் (பேட்டித் துண்டு) எடுத்து, பைக் சீட்டில் உட்கார்ந்தபடியே விஷுவல்ஸ் அனுப்பி, சென்னை டெஸ்க் கூப்பிட்டதும் போனிலேயே நேரலைச் செய்தி (போனோ) கொடுத்து, பெட்ரோல் தன் காசில் போட்டு அடுத்த இடத்துக்கு ஓட வேண்டும். பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது, செய்திக்கு இவ்வளவு என்றுதான். இந்த வேலையைப் பழகும் காலத்துக்கு எவரும் படி கொடுப்பதில்லை. பார்த்துப் பழகு, அவ்வளவுதான் பயிற்சி.

இந்த ஆட்கள் ஊரிலேயே இருப்பது எத்தனை முக்கியம் என்று 2023 டிசம்பர் 17, 18 காட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. ஏரல் பாலம் உடைந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. மின்சாரம், போன் எதுவும் இல்லை. சென்னையிலிருந்து நேரலைக்கான ஓ.பி. வேன் வந்து சேரும்வரை தண்ணீருக்குள் நின்று படம் பிடித்தவர்கள் உள்ளூர் ஆட்கள். 2018 மே 22 அன்றும் மறுநாளும், ஸ்டெர்லைட் ஆலை எதிர்ப்புப் போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மூன்று மாவட்டங்களில் இணையம் துண்டிக்கப்பட்டது. அந்த நாட்களை உலகம் பார்த்ததும் பெரும்பாலும் உள்ளூர்க் கேமராக்கள் வழியாகத்தான். அந்தக் கேமராக்காரர்களில் யாரும் தரமணி வழியாக வந்திருக்க வேண்டிய அவசியம் இல்லை.

இங்கேதான் யார் காசு என்ற கேள்வி கடுமையாகிறது. விகடன் வகையில் கொடுப்பவரே வாங்குபவர். இந்தக் கரைக்கு இந்த உறவு நன்றாகத் தெரியும்: முன்பணம் கொடுத்த ஏலக்காரருக்குத்தான் மீனைப் போட வேண்டும், விலை அவர் சொன்னது. மாணவப் பத்திரிகையாளருக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை, வேறு இடம் போனவர்கள் ஏராளம். ஆனாலும் ஒரு நிறுவனம் எதை நல்ல செய்தி என்று நினைக்கிறதோ அதுவே பழகுபவனுக்கும் நல்ல செய்தி ஆகிவிடும். கல்லூரி வகையில் கொடுப்பவருக்கும் மாணவருக்கும் நடுவே ஒரு ஆசிரியர் குழு நிற்கிறது. கொடையாளி யார் என்று தெரியாமலே மாணவர் படித்து முடிக்கலாம். தூத்துக்குடி மாதிரி ஊரில் இந்த இடைவெளிக்கு மதிப்பு அதிகம். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். கல்வி அதில் தாராளமாக அடங்கும். துறைமுகத்தைச் சுற்றி ஆலைகளுக்கும் அனல்மின் நிலையங்களுக்கும் குறைவில்லை. அவர்களில் ஒருவர் நாளை டி.வி. செய்தி படிக்கும் பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணம் கட்ட முன்வந்தால், அந்தப் பத்துப் பேர் பிறகு அந்த ஆலையின் கழிவுநீரைப் படம் பிடிப்பார்களா? பிடிக்கலாம். ஊர் நம்புமா என்பது வேறு விஷயம்.

பிரிட்டனில் இதற்கு இரண்டு வழி கண்டிருக்கிறார்கள். அங்குள்ள பத்திரிகையாளர் தொழிற்சங்கம் 1986இல் ஜார்ஜ் வைனர் நினைவு நிதியைத் தொடங்கியது. கறுப்பின, ஆசிய மாணவர்கள் இதழியல் படிக்கச் சங்கமே உதவுகிறது, ஒலி-ஒளிபரப்பும் அதில் சேர்த்தி. 2005இல் வந்த ஜர்னலிசம் டைவர்சிட்டி ஃபண்ட், பயிற்சிக் குழுமம் ஒன்றின் வழியாகக் கட்டணத்துக்கும், அதைவிட முக்கியமாக வாழ்க்கைச் செலவுக்கும் கொடுக்கிறது. காசு தொழிலுக்குள்ளிருந்தே வருகிறது. யாருக்குக் கொடுப்பது என்ற முடிவு எந்த ஒரு முதலாளியின் மேசையிலும் இல்லை. வாடகையைப் படிப்புச் செலவாக ஒப்புக்கொண்டதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நம் ஊரில் கல்வி உதவி என்றாலே கட்டணம் என்று மட்டும் பொருள் கொள்ளும் பழக்கம் போகவில்லை.

இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்றால் எனக்குத் தயக்கம் இல்லை, இரண்டையும் சேர்ப்பேன்: கடற்கரைப் பிள்ளைக்கு விகடன் அச்சு, ஏ.சி.ஜே. பணம். அதாவது ஊரில் இருந்தபடியே, பட்டப் படிப்பின் மூன்றாம் ஆண்டிலேயே, அருகிலுள்ள சேனல் நிருபரோடு சேர்ந்து வேலை. அதற்கான காசு செய்தி வெளியான பிறகு கணக்குப் பார்த்து வராமல் மாதப் படியாக முன்னாலேயே. தேர்வு செய்யும் குழுவில் கல்லூரி ஆசிரியர், ஓய்வு பெற்ற ஆகாசவாணிக்காரர், உள்ளூர்ப் பத்திரிகையாளர் சங்கத்தார். தேர்வு தமிழில். முதல் மாதப் படி மே மாதமே வங்கிக் கணக்கில் ஏற வேண்டும், ஏனென்றால் விசைப்படகு ஜூன் 15க்கு முன்னால் கிளம்பாது. பிறகு அதே பிள்ளை தரமணிக்குப் போக விரும்பினால் போகட்டும். அப்போது கையில் ஓராண்டு வெளியான செய்தி இருக்கும், நேர்காணலில் ஆங்கிலம் தடுக்கினாலும் காட்டுவதற்கு.