சைகோன் எவ்வளவு தூரம்?

திருச்சி விமான நிலையமும் சைகோன் விமான நிலையமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் இருக்கின்றன. அட்லசில் அளவுகோலை வைத்து நேராகக் கோடு போடலாம். வங்கக் கடல், குட்டி அந்தமான், தாய்லாந்தின் ஒடுங்கிய இடுப்பு, சயாம் வளைகுடா, அப்புறம் சைகோன். சுமார் 3,050 கிலோமீட்டர். (ஹோ சி மின் நகரம் என்றுதான் இப்போது சொல்லவேண்டும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு வாயில் வருவதில்லை.)

புதுச்சேரியில் என் தலைமுறை பிரெஞ்சு மீடியத்தில் படித்தது. அதனால் சைகோனின் தெருப் பெயர்கள்கூடக் காதில் விழுந்து வளர்ந்தோம். எங்கள் தெருவிலேயே இரண்டு ‘சைகோன் வீடு’ உண்டு. 1881 ஆணைப்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றவர்களை ரெனோன்சான் என்பார்கள். அவர்களில் பலர் அங்கே போலீஸ், சுங்கம், வரிவசூல், சிறை என்று வேலைக்குப் போனார்கள். நம் சொல்தாக்களும் போனார்கள். எல்லாம் கப்பல்தான். எங்கள் ஊரில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. படகில் போய்த்தான் ஏறவேண்டும். அப்புறம் நாள் கணக்கில் தண்ணீர்.

விமானம் வராமல் இல்லை. 1931 ஜனவரியிலேயே ஏர் ஓரியான் கம்பெனி மார்சேயிலிருந்து சைகோனுக்கு வழி திறந்தது. 1933இல் அது ஏர் பிரான்சில் சேர்ந்துவிட்டது. ஆனால் பாதையைப் பாருங்கள்: பாக்தாத், கராச்சி, ஜோத்பூர், அலகாபாத், கல்கத்தா, அக்யாப், ரங்கூன், பாங்காக். முழுப் பயணத்துக்கு ஏறக்குறைய பத்து நாள். பிரெஞ்சு இந்தியாவின் தலைநகரான எங்கள் ஊரை மட்டும் தொடவே இல்லை! அது பாரீசுக்கும் சைகோனுக்கும் போட்ட கோடு, நமக்காகப் போட்டதல்ல. போரில் ஜப்பான்காரன் அங்கே வந்தபின் கப்பலும் நின்றது. பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா என்று தெரியாமல் இங்கே தாய்மார்கள் காத்திருந்தார்கள். அந்த வருஷங்களில் சைகோன் எத்தனை கிலோமீட்டர் என்று அவர்களிடம் யார் கேட்க முடியும்?

1954 ஜூலையில் ஜெனீவா ஒப்பந்தம், நவம்பர் 1இல் புதுச்சேரி கைமாற்றம். ஒரே வருஷத்தில் இரண்டு முனையிலும் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். அப்படியும் அங்கே தங்கிவிட்டவர்களில் பலர் 1975க்குப் பிறகு பிரான்சுக்குப் போய்விட்டார்கள். சைகோன் உறவு பாரீஸ் உறவாகிவிட்டது.

2023 நவம்பரில் வியட்ஜெட் திருச்சியிலிருந்து நேராகச் சைகோனுக்கு விமானம் விட்டது. பயணம் நாலரை மணி நேரம் போல. நமக்கும் அவர்களுக்கும் ஒன்றரை மணி நேர வித்தியாசம். நள்ளிரவில் கிளம்பினால் நம் கைக்கடிகாரத்தில் நாலரை, அங்கே காலை ஆறு. புதுச்சேரியிலிருந்து திருச்சிக்குப் பஸ்ஸில் போகவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

சைகோனில் நம்மவர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. ஊதுபத்தியும் பூவும் வாங்கிக்கொண்டு வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள்.