பழைமைக்குக் காவல் நின்ற வாலிபர்கள்

வாலிபன் என்றால் பழையதை இடிக்க வந்தவன் என்ற எண்ணம் நமக்குள் ஊறிப் போயிருக்கிறது. கதைகளில் வரும் கல்லூரி மாணவனும் பெரும்பாலும் செங்கொடி பிடித்தவனாகவே இருக்கிறான். ஆனால் இங்கிலாந்தின் சர்வகலாசாலைகளில் இன்னொரு வகை மாணவனும் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறான். ராஜா, மதம், சொத்து, சாம்ராஜ்யம் இவற்றுக்குக் காவல் நிற்பதே தன் கடமை என்று எண்ணியவன் அவன். காவல் நிற்கிறவன் சாதுவாகத்தான் இருப்பான் என்று நினைத்தால் ஏமாந்து போவோம்.

1933-ம் வருஷம் பிப்ரவரி 9-ந் தேதி, ஆக்ஸ்போர்டு மாணவர்களின் விவாத மன்றமான ஆக்ஸ்போர்டு யூனியனில் ஒரு தீர்மானம் வந்தது. எந்தச் சந்தர்ப்பத்திலும் ராஜாவுக்காகவும் தேசத்துக்காகவும் யுத்தம் செய்ய மாட்டோம் என்பது அதன் சாரம். 275 பேர் ஆதரித்தார்கள். 153 பேர் எதிர்த்தார்கள். தேசமே கொதித்தது. ஆதரித்தவர்களுக்குத் தலைக்கு ஒன்றாக 275 வெள்ளை இறகுகளை யாரோ ஒரு பெட்டியில் போட்டு அனுப்பினார்கள். வெள்ளை இறகு அங்கே கோழைத்தனத்துக்கு அடையாளம். சில மாணவர்கள் மன்றத்துக்குள் புகுந்து, தீர்மானம் பதிவாகியிருந்த பக்கத்தையே கிழித்துப் போட்டார்கள். வின்ஸ்டன் சர்ச்சிலின் மகன் ராண்டால்ஃப், தீர்மானத்தைப் பதிவேட்டிலிருந்து நீக்க வேண்டும் என்று மார்ச் மாதம் ஒரு பிரேரணை கொண்டுவந்தார். ஆதரவு 138, எதிர்ப்பு 750. முதல் தீர்மானத்தை விரும்பாத பலரும்கூட, ஒருமுறை நிறைவேறியதை மிரட்டி அழிப்பதை விரும்பவில்லை. மரபைக் காக்கப் புறப்பட்டவர்கள், விவாத மன்றத்தின் மரபையே மறந்துவிட்டதன் பலன் அது.

யுத்தம் முடிந்த பிறகு இந்த வாலிபர்களின் முகம் மாறியது. கன்சர்வேடிவ் கட்சியின் இளைஞர் பிரிவில் ஒரு காலத்தில் 1,50,000 பேருக்கு மேல் இருந்தார்கள். நடனம், டென்னிஸ், கொஞ்சம் அரசியல் என்று அது நடந்தது. கல்யாணத்துக்கு வரன் பார்க்கும் இடம் என்று வேடிக்கையாகச் சொல்வதும் உண்டு. ஆனால் கல்லூரிகளுக்குள் இருந்த கன்சர்வேடிவ் சங்கங்கள் விளையாட்டு அல்ல. மளிகைக் கடைக்காரரின் மகளான மார்கரெட் ராபர்ட்ஸ் ரசாயனம் படிக்க ஆக்ஸ்போர்டுக்கு வந்தபோது, விவாத மன்றத்தில் பெண்களுக்கு இடமில்லை. 1963-ல்தான் அந்தக் கதவு திறந்தது. ஆகவே அவர் கன்சர்வேடிவ் சங்கத்தில் சேர்ந்து, 1946-ல் அதன் தலைவரானார். அவர்தான் பிற்காலத்தில் பிரதம மந்திரியான மார்கரெட் தாட்சர்.

அறுபதுகளின் இறுதியில் மாணவர் உலகம் இடதுசாரிகளின் கைக்குப் போயிற்று. 1974-ல் தேசிய மாணவர் சங்கம், இனவெறி அமைப்புகளுக்கும் பாசிஸ்ட் அமைப்புகளுக்கும் மேடை தரக் கூடாது என்று தீர்மானித்தது. எதிர்க் கட்சியில் இருந்த மாணவர்களுக்கு இதனால் ஒரு புதிய உற்சாகம் பிறந்தது. இப்போது மேடையில் இருப்பது இடதுசாரி; கலகக்காரன் தானே என்று வலதுசாரி மாணவன் சொல்லிக்கொள்ளலாம் அல்லவா? மாணவர் சங்கங்களில் எல்லா மாணவர்களும் தாமாகவே அங்கத்தினர் ஆகிவிடுவதும், அதற்கான பணம் பொதுக் கஜானாவிலிருந்து வருவதும் அவர்களுடைய முக்கியமான ஆட்சேபங்கள். அந்த ஆட்சேபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

தாட்சர் பதவிக்கு வந்த பிறகு, கன்சர்வேடிவ் மாணவர் சம்மேளனம் தாட்சரையும் மிஞ்சிப் போயிற்று. எல்லாவற்றையும் தனியாருக்கு விற்க வேண்டும் என்றது ஒரு கோஷ்டி. போதை மருந்துத் தடையையும் நீக்கு என்றது. நிகராகுவாவில் அரசாங்கத்தை எதிர்த்துப் போரிட்ட கோன்ட்ராக்களைப் போற்றினார்கள். தென்னாப்பிரிக்காவில் நெல்சன் மண்டேலா சிறையில் வாடிக்கொண்டிருந்தபோது, அவரைத் தூக்கில் போடு என்று அச்சிட்ட வாசகங்களைச் சிலர் பெருமையோடு காட்டித் திரிந்தார்கள். இருபது வயதுப் பையன், நல்ல கல்லூரி, அடுத்த வேளைச் சோற்றுக்குக் கவலையில்லை. ஆறாயிரம் மைலுக்கு அப்பால் கல் உடைத்த ஒரு மனிதரின் கழுத்து அவனுக்கு வேடிக்கைப் பொருளாயிற்று. அதற்காகச் சம்மேளனம் மூடப்படவில்லை.

1985-ல் லஃப்பரோ நகரில் நடந்த மாநாட்டில் ரகளை என்று பத்திரிகைகள் எழுதின. பத்திரிகைகள் எழுதிய அளவுக்குச் சேதம் இல்லை என்று பிறகு சொல்லப்பட்டது. ஆனாலும் கட்சி பண உதவியை நிறுத்தி வைத்தது. அப்போதும் சம்மேளனம் பிழைத்துக்கொண்டது.

அதன் உயிர் போனது 1986-ல். 1945-ம் வருஷம், ஜெர்மானியர் பக்கம் நின்று போரிட்ட கோசாக்குகளை, பெண்டு பிள்ளைகளோடு, ஆஸ்திரியாவில் பிரிட்டிஷ் ராணுவம் சோவியத்திடம் ஒப்படைத்தது. பலர் முகாம்களிலும் கொலைக்களத்திலும் மாண்டார்கள். மத்தியதரைக் கடல் பிரதேசத்தில் அன்று பிரிட்டனின் மந்திரியாக இருந்த ஹரால்டு மாக்மில்லனே இதற்குப் பொறுப்பு என்று நிக்கோலாய் டால்ஸ்டாய் என்ற சரித்திர ஆசிரியர் 1986-ல் ஒரு புத்தகம் எழுதினார். மாணவர் சம்மேளனத்தின் பத்திரிகை அதைப் பிடித்துக்கொண்டு, மாக்மில்லன் யுத்தக் குற்றவாளி என்று எழுதிவிட்டது. மாக்மில்லன் யார்? கட்சியின் முன்னாள் பிரதம மந்திரி. 92 வயது முதியவர். ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் வேந்தர். அதற்கு முந்திய வருஷம்தான், அரசாங்கச் சொத்துக்களை விற்பதை, குடும்பத்து வெள்ளிப் பாத்திரங்களை விற்பதற்கு ஒப்பிட்டுக் கேலி செய்தவர்.

கட்சித் தலைவர் நார்மன் டெபிட் சம்மேளனத்தையே கலைத்துவிட்டார். டெபிட் மென்மையானவர் அல்ல. அந்த மாணவர்கள் வீரராகக் கொண்டாடிய வலதுசாரி. அவர் கையாலேயே முடிவு வந்தது. மாக்மில்லன் அந்த வருஷம் டிசம்பரில் காலமானார். 1990-ல் வெளியான ஒரு விசாரணைக் குழுவின் அறிக்கை, அவர் சதி எதுவும் செய்யவில்லை என்று கூறியது.

முதியவர் மேல் ஆதாரம் போதாமல் அத்தனை பெரிய பழி சுமத்தியது தவறுதான். ஆனால் கதை எழுதுகிறவனின் கண்ணில் வேறொன்று படுகிறது. நாற்காலி உடைந்தது என்றபோது பணம் நின்றது. குடும்பத்துப் பெரியவர் பெயர் கெட்டபோது வீடே பூட்டப்பட்டது. சிறையில் இருந்த கறுப்பு மனிதரைத் தூக்கில் போடச் சொன்னபோதோ, பிள்ளைகளின் குறும்பு என்று பொறுக்க முடிந்தது. ஒரு கட்சி எதை மன்னிக்கிறது என்பதிலிருந்து அதன் மனசைத் தெரிந்துகொள்ளலாம்.

பிறகு நடந்ததையும் சொல்லவேண்டும். சர்வகலாசாலைகளில் பேச்சுச் சுதந்திரத்தைக் காப்பது நிர்வாகத்தின் கடமை என்று 1986-ம் வருஷத்துச் சட்டம் சொன்னது. மாணவர் சங்கத்தில் சேராமல் இருக்கும் உரிமையை 1994-ம் வருஷத்துச் சட்டம் கொடுத்தது. கலைக்கப்பட்ட சம்மேளனத்தின் கோரிக்கையில் ஒரு பங்கு இப்படிச் சட்டமாகிவிட்டது. அதன் கடைசித் தலைவராக இருந்த ஜான் பெர்கோ, தம் வாலிபத்து அபிப்பிராயங்களைப் பின்னால் தாமே கண்டித்தார். 2009-ல் பார்லிமெண்டின் சபாநாயகரானார். 2021-ல் தொழிற்கட்சியில் சேர்ந்தார்.

மண்டேலா 1996-ல் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் இரு சபை அங்கத்தினர்கள் முன்னால் பேசினார். தென்னாப்பிரிக்க விஷயத்தில் தங்கள் கட்சி தவறு செய்துவிட்டது என்று 2006-ல் கன்சர்வேடிவ் தலைவர் டேவிட் கேமரன் ஒப்புக்கொண்டார். மறு வருஷம் பார்லிமெண்டுக்கு எதிரிலேயே மண்டேலாவுக்குச் சிலை வைத்தார்கள். அன்று அந்த வாசகங்களைக் காட்டித் திரிந்த வாலிபர்களுக்கு அப்போது நாற்பது வயது தாண்டியிருக்கும். காரியமாக அந்தப் பக்கம் போனவர்கள் சிலையை நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். பார்க்காமல் வேகமாக நடந்தவர்களும் இருந்திருப்பார்கள்.