இராயப்பர் சொன்ன இரண்டு

இராயபுரம் என்றதும் விஜயநகரத்து ராயர் யாரோ உண்டாக்கிய ஊர் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். விசாரித்தால், பெயருக்கு உரியவர் ஒரு மீனவர் என்கிறார்கள். இயேசுவின் சீடரான பேதுருவைத் தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர் இராயப்பர் என்பார்கள். துறைமுகம் இல்லாத அந்நாளைய சென்னையில், கடலில் நங்கூரமிட்ட கப்பலுக்கும் கரைக்கும் இடையே மசூலாப் படகு விட்டவர்கள், 1829-ல் தங்கள் உழைப்பின் காசில் அவருக்கு இங்கே ஒரு கோயில் எழுப்பினார்கள்.

அந்தக் கோயில் வாசலில் ஒரு பெரியவரிடம், வெகுநாளாக மனத்தில் கிடந்த கேள்வியைக் கேட்டேன். "அநியாயமான சட்டத்தை மீறலாம் என்று உங்கள் வேதத்தில் இருக்கிறதா, ஐயா?"

அவர் சிரித்தார். உள்ளே கையைக் காட்டி, "அவரையே கேளுங்க, தம்பி. ரெண்டும் சொல்லியிருக்கார்!" என்றார்.

உண்மைதான். போதனை செய்யக் கூடாது என்று எருசலேமில் ஆலோசனைச் சங்கத்தார் தடுத்தபோது, மனிதருக்கு முன்பாகத் தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று மறுத்தவர் பேதுரு. பின்னர் சபைகளுக்கு எழுதிய நிருபத்தில், அரசனுக்கும் அதிகாரிகளுக்கும் அடங்கி நடக்கும்படி சொன்னவரும் அவரே. பவுல் இன்னும் ஒரு படி மேலே போய், வரியைச் செலுத்திவிடு என்றும் எழுதியிருக்கிறார்.

இந்த இரண்டும் நம் நாட்டில் நேருக்கு நேர் மோதிய ஆண்டு 1930. மோதலுக்குக் காரணமான பொருள் உப்பு.

இராயபுரத்திலிருந்து கடலோரமாக வடக்கே திருவொற்றியூரைத் தாண்டி எண்ணூர், அத்திப்பட்டு என்று போனால், உப்பளம் என்ற சொல்லுக்கு அர்த்தம் விளங்கும். கழிமுகத்து நீரைப் பாத்தியில் கட்டினால் வெயிலே உப்பாக்கிவிடும். இயற்கை இவ்வளவு தாராளமாகக் கொடுத்ததைக் கும்பினியார் 1805-ல் சென்னை ராஜதானியில் தங்கள் ஏகபோகமாக்கிக்கொண்டார்கள். கரையில் தானாக விளைந்த உப்பைச் சுரண்டி எடுப்பதும் குற்றமாயிற்று. சுமார் 37 கிலோ கொண்ட மணங்குக்கு ஒன்றேகால் ரூபாய் வரி. 1923-ல் சட்டசபை மறுத்தும் கேளாமல் வைஸ்ராய் தம் அதிகாரத்தால் அதை இரட்டிப்பாக்கினார். மறு ஆண்டே குறைக்க வேண்டியதாயிற்று. மாளிகைக்காரனும் உப்பு வாங்குகிறான், கூலிக்காரனும் வாங்குகிறான். ஆனால் வெயிலில் வியர்த்து வேலை செய்கிறவனுக்குத்தான் அது அதிகம் வேண்டும்.

1930 மார்ச் 2-ல், இந்தச் சட்டத்தை மீறப்போவதாக முன்கூட்டியே அறிவித்து, வைஸ்ராய் இர்வின் பிரபுவுக்குக் காந்திஜி கடிதம் எழுதினார். அதைக் கொண்டுபோய்க் கொடுத்தவர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற ஆங்கிலேய இளைஞர். குவேக்கர் சபைக் கிறிஸ்தவர். பெற்றுக்கொண்ட இர்வினும் பக்தி மிகுந்த கிறிஸ்தவர். ஒரே வேதத்தை வாசித்த இருவர், ஒரு கடிதத்தின் இரு முனைகளில் நின்றார்கள்!

கல்கத்தாவிலிருந்த ஆங்கிலிக்கன் பேராயர் ஃபாஸ் வெஸ்ட்காட், சட்ட மறுப்பு கிறிஸ்துவின் போதனைக்கு ஒவ்வாது என்றார். அவருக்குப் பகிரங்கமாகப் பதில் எழுதியவர் ஒரு தமிழர். 1892-ல் தஞ்சாவூரில் பிறந்த ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ், ஜே. சி. குமரப்பா என்று நாம் அறிந்தவர். அஹிம்சை வழியில் அநீதியை எதிர்ப்பது இயேசுவின் வழிக்கு முரணானதல்ல, அதற்கு இசைந்ததே என்பது அவர் கட்சி. அவர் கணக்குத் தணிக்கையாளர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படித்தவர். உப்பு வரி அவர் பையைக் கடித்திருக்காது. பிறரைக் கடித்த சட்டத்துக்காக அவர் குரல் எழுப்பினார். 1931-லும் 1932-லும் சிறை. 1942 போராட்டத்தை ஒட்டி மறுபடியும் சிறை. இயேசுவின் போதனையைப் பற்றிய நூலை ஜபல்பூர்ச் சிறையில்தான் எழுதினார்.

மதுரையில் ரால்ஃப் கெய்த்தான் என்ற அமெரிக்க மிஷனரிக்கு வந்த சோதனை இன்னும் நுட்பமானது. அந்நிய நாட்டு மிஷனரிகள் அரசாங்கத்துக்கு விசுவாசமாயிருப்பதாக எழுதிக் கொடுத்துத்தான் இங்கே ஊழியம் செய்ய முடிந்தது. அவரோ ரெனால்ட்ஸைத் தம் வீட்டில் விருந்தினராக ஏற்றார். வந்தவருக்குக் கதவைத் திறந்ததன் விலை, 1930-ல் நாட்டைவிட்டு வெளியேற்றம். திரும்பி வந்தவர் 1944-ல் மீண்டும் வெளியேற்றப்பட்டார். விடுதலைக்குப் பின் மறுபடியும் வந்து கிராமப் பணியில் இறங்கினார்.

பேராயரின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். ஒவ்வொருவனும் தன் மனச்சாட்சியே சட்டம் என்று கிளம்பினால் ஊர் என்ன ஆகும்? இதே கடற்கரையில் கள்ளச்சரக்கு இறக்குகிறவனும் சட்டத்தை மீறத்தான் செய்கிறான். ஆனால் அவன் இரவில் மீறுகிறான்; தன் லாபத்துக்காக மீறுகிறான்; பிடிக்க வந்தால் ஓடுகிறான். சத்தியாக்கிரகி கடிதம் எழுதிவிட்டுப் பகலில் மீறுகிறான். பிறர் துயருக்காக மீறுகிறான். பிடிக்க வருகிறவனுக்காகக் காத்திருக்கிறான். இரண்டுக்கும் ஒரே பெயர் வைப்பது நியாயமாகுமா?

1963 ஏப்ரலில் பர்மிங்ஹாம் சிறையிலிருந்து மார்ட்டின் லூதர் கிங் எழுதிய புகழ்பெற்ற கடிதமும் மத குருமார்களுக்குத்தான். அவர்களும் பொறுத்திரு என்றே சொல்லியிருந்தார்கள். வெஸ்ட்காட்டும் குமரப்பாவும் முப்பத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் நடத்திய வழக்கு, வேறு கண்டத்தில் மறுவிசாரணைக்கு வந்தது.

கோயில் வாசலில் நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. இராயப்பர் சொன்ன இரண்டும் முரண் அல்ல. அநீதியான கட்டளைக்கு அவர் பணியவில்லை. அதற்காக வாளும் எடுக்கவில்லை. சிறைக்குப் போனார். ரோமாபுரியில் சிலுவையில் உயிர்விட்டார் என்பது சபையின் மரபு. கட்டளையை மறுப்பதும், அதன் தண்டனையைத் தன் முதுகில் ஏற்பதும் ஒரே மனிதரால் முடியும் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார்.

உப்பு வரி 1947-ல் நீங்கியது. குமரப்பா 1960 ஜனவரி 30-ல், காந்திஜி மறைந்த அதே தேதியில், இதே சென்னையில் கண்மூடினார். சட்டங்கள் வரும், போகும். மீறலாமா என்று கேட்கிறவன், அதன் விலையைத் தானே கொடுக்கத் தயாரா என்பதையும் கூடவே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த இரண்டாவது கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் தைரியம் எனக்கு இருக்கிறதா? அதைத்தான், பெரியவரிடம் விடைபெற்று வந்த பிறகும், யோசித்துக்கொண்டிருக்கிறேன்.