வளைவு இழந்த சிலுவை: இலங்கையின் பிற்கால உரோமச் செப்புக் காசுகளில் 'அரிய வகை' என்னும் வாசிப்பு

இலங்கையில் கிடைக்கும் பிற்கால உரோமச் செப்புக் காசொன்று அச்சுப் பட்டியலின் எந்த இலக்கத்துக்கும் பொருந்தாவிட்டால், அதைப் 'பதிவுபெறாத அரிய வகை' என்று எழுதிவிடும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. இதனுடன் நான் முரண்படுகிறேன். அப்படிப்பட்ட காசை, இலங்கையிலோ தென்னிந்தியாவிலோ உரோமக் காசைப் பார்த்து அடித்ததாகவே முதலில் கொள்ளவேண்டும். உரோம அக்கசாலையில் பிறந்தது என்று நிறுவும் பொறுப்பு அப்படிச் சொல்பவருடையது.

'சாலுஸ் ரெயிபுப்ளிகே' என்னும் வகையை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 13 மில்லிமீற்றர் விட்டம், ஒரு கிராமுக்குச் சற்று மேலான நிறை. பின்பக்கத்தில் வெற்றித் தேவதை தோளில் வெற்றிச்சின்னம் தாங்கி, கைதியொருவனை இழுத்தபடி இடப்புறம் நடக்கிறாள். 388 முதல் இதை இரண்டாம் வலந்தினியன், தேயோதோசியுஸ், அர்க்காதியுஸ், ஒனோரியுஸ் ஆகிய நால்வரும் வெளியிட்டனர். பின்பக்கம் நால்வருக்கும் ஒன்றே. பின்மூவரின் பெயர்களுக்கும் 'இயுஸ்' என்பதே முடிவு. அதற்கு முன் நிற்கும் எழுத்துகள் தேய்ந்தால் பேரரசரின் பெயரே கைநழுவும்.

சர்ச்சைக்குரியது பெயரன்று, தேவதையின் முன்னுள்ள குறி. கிழக்கு அக்கசாலைகளின் காசுகளில் அது பெரும்பாலும் தௌ-ரோ: மேற்கையில் சிறு வளைவுடைய சிலுவை. 1951இல் பியர்ஸ் தொகுத்த 'உரோமப் பேரரசுக் காசுகள்' ஒன்பதாம் தொகுதியும், 1960இல் வந்த 'பிற்கால உரோம வெண்கலக் காசுகள்' நூலும் இத்தகைய களக்குறிகளை அக்கசாலைவாரியாகப் பிரித்துப் பதிகின்றன. ஆகவே வெறுஞ் சிலுவை பதிவாகாத ஓர் அக்கசாலையின் காசில் அது தெரிந்தால், புதிய வகை கிடைத்ததாக மகிழ்கிறோம். அந்த வளைவோ ஒரு மில்லிமீற்றருக்குள் அடங்குவது. புழக்கத்தில் முதலில் தேய்வதும், பார்த்து அடிப்பவரின் உளியிலிருந்து முதலில் நழுவுவதும் அதுதான்.

இரண்டில் எது நடந்தது என்பதைப் பிற கூறுகள் காட்டக்கூடும். தேவதை வலப்புறம் நடந்தால் ஐயம் வலுக்கிறது. காசைக் கண்டபடியே அச்சில் வெட்டினால் அடிக்கும்போது உரு திரும்பிவிடும். எழுத்துகள் வெறுங் கோடுகளாகியிருந்தால் இன்னும் வலுக்கிறது. உரோமச் செதுக்குநரும் தவறுவார் என்பார்கள். தவறுவார், ஒரே காசில் உருவையும் திருப்பி, எழுத்தையும் கோடாக்கி, குறியையும் குறைக்கமாட்டார்.

நிறையை நம்பலாமா? ஏறாவூரிலிருந்து எழுதுபவன் தயங்கவே செய்வான். வாவியோர மண்ணின் உப்பு செம்பை அரித்துவிடும். குறைந்த நிறை, பார்த்து அடித்ததற்குச் சான்றாகாது. அதைவிடக் கவலை தருவது தேசிக்காய்ப் புளியால் தேய்த்துக் களிம்பகற்றும் பழக்கம். களிம்போடு வளைவும் போய்விடும். நாம் அச்சேற்றிய 'சிலுவை வகை'களில் சில நம் கையாலேயே பிறந்தவையாக இருக்கலாம்.

பார்த்து அடித்த காசுகளைப் 'போலி' என்பதையும் நான் ஏற்கவில்லை. 1924இல் கோட்றிங்டன் இலங்கைக் காசுகளைப் பற்றிய தம் நூலில் அவற்றைத் தனியே ஆராய்ந்தார். மக்கள் அவற்றை வாங்கினர், கொடுத்தனர். இத்தீவின் சில்லறை அவை. காசு நோட்டம் பார்ப்பவரைச் சங்ககாலத் தமிழ் வண்ணக்கன் என்றது. மட்டக்களப்பில் அப்பெயர் கோயில் நிருவாகியான வண்ணக்கரிடம் இன்றும் வாழ்கிறது. அந்த நோட்டக்காரர் இக்காசைத் தள்ளியிருப்பார் என்பதற்கு ஆதாரம் காட்டியவர் எவருமில்லை. தென்னிந்தியாவிலிருந்து வந்தவை என்று காட்டினாலும் என் வாதம் அசையாது. உரோம வகையல்ல என்பதே இங்கு பேச்சு.

ஆகையால், களிம்பகற்றுமுன் எடுத்த இருபக்கப் படமும், முன்பின் நிறையும், முகப்புக்கும் பின்பக்கத்துக்கும் இடையிலான அச்சுத் திசையும் தரப்படாத எந்தச் சிலுவைக் காசுக்கும் புதிய வகை எண் வழங்குவதை நான் ஒப்பமாட்டேன்.