தலை வீட்டில் இருப்பது யார்?

தஞ்சைப் பெரிய கோயில் முடிந்தது 1010-ல். ராஜராஜன் அங்கே 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தினான். ஆளுக்கொரு வீடு, வருஷம் 100 கலம் நெல். கல்வெட்டில் தெரு, சிறகு, எத்தனையாவது வீடு, பெயர், எந்தக் கோயிலிலிருந்து வந்தவர்... அத்தனையும் உண்டு! ஒரே பெயரில் பலர் ஆயிற்றே. ஒருவர் இறந்தால் பங்கு உறவினருக்கு. வீடு அதே, ஆள் வேறு!

1969-ல் பிறந்த யூனிக்ஸிலும் இதே தலைவலி. ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு நம்பர். ஸ்டார்ட்டப் ஸ்கிரிப்ட் அதை ஃபைலில் குறித்து வைக்கும். புரோகிராம் செத்த பிறகு, அந்த நம்பர் இன்னொன்றுக்குப் போகலாம். பழைய ஃபைலை நம்பி 'நிறுத்து' என்றால், சாவது யாரோ அப்பாவி! பெயரை மட்டும் தேடினாலோ, தேடுகிற கட்டளையே பட்டியலில் வந்து நிற்கும். நம்பர், பெயர், தொடங்கிய நேரம் மூன்றும் பொருந்தணும்.

சோழன் வீட்டு நம்பரோடு நிறுத்தாதது சும்மா இல்லை!