ஆடிப் பார்த்தவர் சொல்: கேம் ஜாம் ஃபீட்பேக் பிறந்த கதை

2002 மார்ச்சில், அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் கிரிஸ் ஹெக்கரும் ஷான் பாரெட்டும் கூட்டிய புரோகிராமர் கூட்டம்தான், குறுகிய கெடுவுக்குள் கணினி ஆட்டம் செய்யும் இன்றைய கேம் ஜாம்களுக்கெல்லாம் முன்னோடி. திரையில் ஒரே சமயத்தில் ஒரு லட்சம் சின்ன உருவங்களை நடமாட விடும் எஞ்சின் ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு, சில நாட்களுக்குள் அதை வைத்து என்னென்ன ஆட்டம் செய்யலாம் என்று முயன்று பார்த்தார்கள். அதற்கு இண்டி கேம் ஜாம் என்று பெயர். எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். ஒருவர் செய்ததைப் பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்த்துச் சொல்லிவிடலாம்.

அடுத்த மாதமே லூடம் டேர் வந்தது. ஜெஃப் ஹவ்லாண்ட் தொடங்கிய இந்தப் போட்டியில் முதல் முறை கலந்துகொண்டவர்கள் 18 பேர். கெடு 24 மணி நேரம். ஆட்டக்காரர் எதையும் நேரடியாக இயக்காமல் சுற்றிவளைத்தே இயக்கவேண்டும் என்பது தலைப்பு. அடுத்த தடவையிலிருந்து கெடு 48 மணி நேரமாயிற்று. இங்கே ஆளுக்கொரு ஊர், அவரவர் வீட்டில் அவரவர் கணினி. எட்டிப் பார்க்கப் பக்கத்தில் ஆள் இல்லை. நடுவர் குழு கிடையாது, பரிசுப் பணமும் கிடையாது. அப்படியானால் ராத்தூக்கம் கெட்டுச் செய்த ஆட்டத்தை யார் ஆடிப் பார்ப்பது?

அதற்கு லூடம் டேர் கண்ட வழி எளிமையானது. செய்தவர்களே ஒருவர் ஆட்டத்தை மற்றவர் ஆடி, மதிப்பெண் போட்டு, இரண்டு வரி எழுதவேண்டும். புதுமை, சுவாரஸ்யம், தலைப்புப் பொருத்தம், படம், ஒலி, நகைச்சுவை என்று தனித்தனியாக மதிப்பெண். ஆட்டம் செய்ய இரண்டு நாள் என்றால், ஆடிப் பார்க்க ஏறக்குறைய மூன்று வாரம். கேம் ஜாமில் ஃபீட்பேக் ஒரு முறையாகப் பிறந்தது இப்படித்தான். செய்ய ஆகும் நேரத்தைவிடக் கேட்டுக்கொள்ளும் நேரத்தை அதிகமாக வைத்தார்களே, அந்தக் கணக்கை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆட்கள் சேரச் சேர ஒரு சிக்கல் முளைத்தது. படம் அழகாக இருக்கும் ஆட்டத்துக்குக் கூட்டம் கூடியது, மற்றவை கவனிப்பாரில்லாமல் கிடந்தன. அதற்கும் வழி கண்டார்கள். அடுத்தவர் ஆட்டங்களை யார் அதிகம் ஆடிப் பார்க்கிறாரோ அவருடைய ஆட்டம் பட்டியலில் மேலே வரும். பிற்காலத்தில், குறைந்தது 20 பேராவது மதிப்பிட்டால்தான் இறுதி மதிப்பெண் என்ற விதியும் வந்தது. அடுத்தவர் ஆட்டத்தை ஆடிப் பார்ப்பது நம் ஊர் மொய் நோட்டு மாதிரிதான். மொய் செய்தவருக்குத் திரும்பி வரும்.

2009 ஜனவரி இறுதியில் முதல் குளோபல் கேம் ஜாம் நடந்தபோது வேறொரு வழி பிறந்தது. 23 நாடுகளில் 53 இடங்கள். வெள்ளிக்கிழமை கூடி, ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் ஆட்டத்தைப் போட்டுக் காட்டுவார்கள். இங்கே மதிப்பெண் பட்டியலே இல்லை. முதல் தடவையாக ஆட்டத்தைத் தொடுகிற ஆளின் முகத்தை நேரில் பார்க்கலாம் என்பதுதான் அதன் லாபம்.

அந்த லாபத்தை நான் விளாங்குடியில் பார்த்தேன். திண்டுக்கல் ரோட்டோரம் இருக்கும் இந்த ஊர் 2011இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. அக்கா மகன் இங்கே இருந்தபடியே ஒரு ஜாமுக்காக, கோடோ எஞ்சினில் சின்ன ஆட்டம் ஒன்று செய்தான். கண்மாய்த் தண்ணீரை மூன்று மடை வழியாக வயலுக்குத் திருப்பவேண்டும். எப்படி ஆடுவது என்று ஆரம்பத்திலேயே ஒரு பத்தி எழுதி வைத்திருந்தான். எதிர்வீட்டுப் பையன், ஆறாவது படிக்கிறவன், போனை வாங்கிய வேகத்தில் அந்தப் பத்தியைத் தள்ளிவிட்டான். மடைப் பக்கம் போகவே இல்லை. தண்ணீர் மேல் விரலை வைத்து வயல் பக்கம் இழுத்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, தண்ணி எங்கிட்டுப் போகுது? வர மாட்டேங்குதே."

சொல்லிக்கொடுக்க வாயெடுத்தவனைக் கையமர்த்தினேன். பையன் கொஞ்ச நேரத்தில் தண்ணீரை விட்டுவிட்டு, அழகுக்காக வரப்பில் நிறுத்தியிருந்த கொக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தான். அது பறக்குமா என்று அவனுக்கு ஆசை.

அவன் போனதும், "மாமா, அவன் இன்ஸ்ட்ரக்‌ஷனையே படிக்கல" என்றான் இவன்.

"படிக்காதவனுக்கும் புரியிற மாதிரி வைடா."

அன்று ராத்திரியே மடையை விரலால் இழுத்துத் திறக்கும்படி மாற்றினான். தண்ணீர் வந்து சேரும் வயலில் இருந்து கொக்கு எழுந்து பறந்தது. புதிதாக ஐந்து லெவல் சேர்க்கும் திட்டத்தைக் கைவிட்டான். பையன் அபிப்பிராயம் என்று ஒன்றும் சொல்லவில்லை. அவன் விரலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

இப்படிக் கேட்டுக்கொள்வது மதுரைக்குப் புதிதும் இல்லை. இறையனார் அகப்பொருளுக்குச் சங்கப் புலவர்கள் ஆளுக்கோர் உரை செய்ய, எது மெய்யுரை என்று தீர்ப்புச் சொல்ல உருத்திரசன்மன் என்ற வாய்பேசாத ஐந்து வயதுப் பிள்ளையை உட்கார வைத்ததாக அந்நூலின் உரையே கதை சொல்கிறது. மருதன் இளநாகனார் உரைக்குச் சில இடங்களில் மட்டும் கண்ணீர் விட்டு மெய்சிலிர்த்த பிள்ளை, நக்கீரர் உரைக்குச் சொல்லுக்குச் சொல் அப்படிச் சிலிர்த்தானாம். கேட்பவரின் உடம்பு பொய் சொல்லாது என்ற நம்பிக்கை அந்தக் கதைக்குள் இருக்கிறது. ஆட்டம் செய்கிறவர்களுக்கு அதைவிட நல்ல பாடம் இல்லை.

ஆனால் எல்லா ஆட்டக்காரரும் எதிர்வீட்டில் இருப்பதில்லை. தூரத்தில் இருப்பவர் எழுத்தில்தான் சொல்லியாகவேண்டும். அப்போது, நடந்ததை நடந்தபடி எழுதுவதே பெரிய உதவி. "ஜம்ப் சரியில்லை" என்றால் செய்தவர் எதைத் திருத்துவார்? "இரண்டாவது பள்ளத்தில் திரும்பத் திரும்ப விழுந்தேன், விளிம்பில் பட்டனை அழுத்தினேன், குதிக்கவில்லை" என்றால் கைக்கு வேலை கிடைக்கிறது. விளிம்பைத் தாண்டிய பிறகும் கண்ணிமைக்கும் நேரத்துக்குக் குதிக்க விட்டால் அந்தக் குறை தீரும். செலஸ்ட் ஆட்டத்தில் இந்தச் சலுகை உண்டு. நூற்றுக்கணக்கான முறை செத்தும் ஆடுபவருக்கு அலுப்புத் தட்டாததற்கு அதுவும் ஒரு காரணம். சில நாள் வேலையும் பெரிதாக வளரலாம். 2018இல் முழு ஆட்டமாக வந்த செலஸ்டை, மேடி தோர்சனும் நோயல் பெரியும் முதலில் நான்கே நாளில் ஒரு குட்டி ஆட்டமாகத்தான் செய்தார்கள். 2019இல் வந்த பாபா இஸ் யூ ஆட்டமும் 2017 நோர்டிக் கேம் ஜாமில் பிறந்ததே.

ஆடிப் பார்ப்பவர் மறக்கக்கூடாத ஒன்று, இது இரண்டு நாள் வேலை என்பது. லெவல் குறைவு, கதை இல்லை என்று குறை சொல்வதில் பயன் இல்லை. எந்த ஒரு சங்கதிக்காக இந்த ஆட்டத்தை இன்னொரு முறை ஆடலாம் என்று தோன்றியது? அதைச் சொன்னால், எதை வளர்ப்பது என்று செய்தவருக்குத் தெரியும். கேட்டுக்கொள்பவருக்கும் ஒரு கடமை உண்டு. "அது அப்படி இல்லை, நான் நினைத்தது வேறு" என்று விளக்கம் சொல்லப் போகவேண்டாம். நீங்கள் நினைத்தது திரையில் இல்லை என்பதைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். ஒருவர் சொன்னதைக் குறித்து வையுங்கள். அதே இடத்தை மூன்றாவது ஆளும் சொன்னால் திருத்துங்கள்.

டொராண்டோவில் உருவாகி 2023இல் வந்த வெண்பா என்ற ஆட்டம், ஒரு தமிழ்க் குடும்பத்தின் அடுப்படியை உலகம் முழுக்க ஆட வைத்தது. மறு வருடம் அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருதும் வாங்கியது. நம் பிள்ளைகளிடம் கதைக்குப் பஞ்சமில்லை. கோடோ மாதிரி மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. ஆடிப் பார்த்து உள்ளபடி சொல்லும் கூட்டாளிகள்தான் குறைவு. அதனால் அடுத்த ஜாம் முடிந்த மறுநாள், உங்கள் ஆட்டத்துக்கு யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால், யாரும் தொடாத ஐந்து ஆட்டங்களைத் தேடி எடுத்து ஆடுங்கள். எங்கே சிக்கினீர்கள், எங்கே சிரித்தீர்கள் என்று எழுதுங்கள்.